வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பத்து

இப்போதெல்லாம் ஒரு வரி அடித்தால் போதுமாம். மென்பொருளின் பெயரைச் சொல்லி என்டரைத் தட்டினால், அதற்கு வேண்டிய மற்றவற்றையும் தானே தேடி எடுத்து வந்து பொருத்திக்கொள்ளுமாம். நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் போன மாதம் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே இளையவர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். "எங்கிருந்து வருது? யார் கட்டினது? நடுவுல யாராவது கை வெச்சிருந்தா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்களா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். என்னால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பின்வரிசையில், என்னோடு வேலை பார்த்த சகாயம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பும் அலைக் கணக்கை வாங்கிப் படமாகப் போடுவது வேலை. நான் செங்கல்பட்டில் டிப்ளமோ முடித்து, காகிதச் சுருளில் பேனா கோடு போடும் பழைய கருவிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் கணினி வந்தது. சென்னைக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கணினி அறை என் பொறுப்பு. பயிற்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இலவச மென்பொருள் என்றால் மூலநிரலாகத்தான், அதாவது மனிதர் எழுதிய வரிகளாகத்தான் வரும். சென்னையில் ஒருவர் இறக்கி, ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாக அனுப்புவார். அதைப் பிரித்து நாமே கட்ட வேண்டும். முதல் கட்டளை கான்ஃபிகர். அது நம் கணினியை விசாரணை செய்யும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இருக்கிறதா, பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பான இந்த நூலகம் இருக்கிறதா, அது எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொண்டே போகும். ஒன்று இல்லையென்றால் நின்றுவிடும். அந்த ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தால், அது இன்னொன்றைக் கேட்கும். அடுத்தது மேக். அதுதான் உண்மையில் கட்டுவது. மேக்குக்கு ஒரே விதிதான். மூலக்கோப்பின் தேதியையும் அதிலிருந்து செய்த பொருளின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். மூலம் புதியது என்றால் பொருளை மறுபடி செய்யும், இல்லையென்றால் தொடாது. கடைசியில் இன்ஸ்டால். இந்த மூன்றுக்கும் நடுவில் என் தலைமுடி பாதி போயிற்று.

சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. கடையில் பொட்டலம் கட்டும்போது தராசைப் பார்க்காமல் கடைக்காரர் கையைப் பார்ப்பவன் நான். வேலையில் அது ஒரு முறை பெரிய பெயரை வாங்கித் தந்தது. ஒரு வரைபட மென்பொருள் கட்டக் கட்ட உடைந்துகொண்டே இருந்தது. எல்லாரும் கம்பைலரைத் திட்டினார்கள். நான் ஃபிளாப்பிகளை எடுத்துக்கொண்டு சென்னைக்கே பஸ் ஏறி, அங்கிருந்த மூலத்தோடு ஒவ்வொன்றாக அளவு ஒப்பிட்டேன். மூன்றாவது ஃபிளாப்பியில் கடைசிப் பகுதி இல்லை. நகல் எடுத்தவர் பாதியிலேயே ஃபிளாப்பியை உருவி, மேலே சீட்டு ஒட்டிவிட்டிருந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு ஒரு மரியாதை. சந்தேகப்பட்டால் சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டதும் அன்றுதான்.

எங்கள் தலைவர் லோகநாயகி மேடம். குரல் உயர்த்தியே பார்த்ததில்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது. எந்த மென்பொருள் கட்டும்போது உடைந்தாலும், திரையில் ஓடியது அத்தனையையும் துளை போட்ட நீளக் காகிதத்தில் அச்சிடச் சொல்வார். அதை மேசையில் விரித்து, மர அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி. பிறகு அடிக்கோல் ஒரு வரி இறங்கும். இரண்டாயிரம் வரி இருந்தாலும் அப்படித்தான். "மெஷின் என்ன சொல்லிச்சுன்னு மட்டும் எழுதுங்க ராமலிங்கம். நீங்க என்ன நினைச்சீங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. அவர் இல்லாத நாளில் நான் என் வழியில் போவேன். திரையில் ஓடுவதை ஒரு கோப்பில் பிடித்து, அதில் எரர் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் தேடி எடுப்பேன். எச்சரிக்கை என்று வருவதையெல்லாம் சட்டை பண்ண மாட்டேன். மேக் ஆயிரம் எச்சரிக்கை கொடுக்கும், யார் படிப்பது?

சகாயம் ஒப்பந்த ஊழியர். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் வீடு. அவருடைய அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்தத் தெருவிலேயே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். காலையில் எனக்கு முன்னால் வந்து அறையைத் திறந்து, குளிர்சாதனத்தைப் போட்டு, அலைக் கணக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து வைப்பது அவர் வேலை. அதற்காகக் கணினி அறையின் ஒரு சாவி அவரிடம் இருந்தது. மேடம் கொடுத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்த ஆளிடம் சாவியா என்று ஒரு உறுத்தல். இத்தனைக்கும் அவர் ஒரு பேப்பர் கிளிப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அப்போது அவரை வா, போ என்றுதான் கூப்பிடுவேன். வயதில் ஐந்து வருடம்தான் வித்தியாசம்.

அந்த வருடம் பருவமழைக்கு முன்னால் புதிய அலைக் கணிப்பு மென்பொருளைக் கட்டி முடிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஆயுத பூஜை. அதன் பிறகு சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பாதி மென்பொருள் அழகாகக் கட்டி முடிந்திருந்தது. மீதி செவ்வாய்க்கிழமை.

பூஜையில், கணினி அறையின் பெரிய கணினியான சர்வருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் பூ வைத்தோம். பொரி கடலை சாப்பிட்டு முடித்ததும், மற்ற கணினிகளை அணைத்தது போல சர்வரையும் அணைக்கப் போனேன். பூஜை போட்ட ஆயுதத்தை அன்று தொடக்கூடாது, அதுவும் ஓய்வு எடுக்கட்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. மூன்று நாள் நான் இருக்க மாட்டேன், சகாயத்திடம் சாவி இருக்கிறது.

சகாயம் குறுக்கே வந்தார். "சார், இத்த மட்டும் நிறுத்தாதீங்க. ரெண்டு வருசமா ஓடிகினே கீது. பொட்டு வெச்சாச்சு, பூ வெச்சாச்சு. ஓடட்டும் சார்."

"ஏன், நிறுத்தினா உனக்கென்ன?"

"எனுக்கு இன்னா சார். பழைய மிஷினு. நிறுத்திட்டு மறுபடி போட்டா இன்னா பேஜாரு பண்ணுமோ, அதான்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இவன் ஏன் ஓடட்டும் என்கிறான்? முறைப்படி அணைத்துவிட்டு, மின்செருகியையும் பிடுங்கி வைத்தேன். மணி நாலே முக்கால். அறையைப் பூட்டிக்கொண்டு செங்கல்பட்டு போகும் ஊழியர் பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பியது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து சர்வரில் உட்கார்ந்தேன். விடுமுறையில் வீட்டில் யோசித்து வைத்திருந்த ஒரு திருத்தத்தை முதலில் என் மேசைக் கணினியில் செய்து, மூலநிரலை மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டி சர்வருக்குக் கொண்டுவந்து பிரித்தேன். கான்ஃபிகர் ஓடியது, விசாரணை முடிந்தது. மேக் என்று அடித்தேன். அது கட்டத் தொடங்காமல் கான்ஃபிகரை மறுபடி ஓட்டியது. கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. நூலகம் இருக்கிறதா, இருக்கிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வருகிறது. நிறுத்தினேன். கோப்பில் எரர் என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை ஒழுங்காக இருந்த கணினி, செவ்வாய்க்கிழமை பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுகிறது. பிழையும் சொல்ல மாட்டேன் என்கிறது. என் புத்தி நேராக ஒரே இடத்துக்குத்தான் போனது.

யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவு சர்வரில் இருக்கும். அதில் சகாயத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினேன். மேலே முதல் வரியாக வந்தது: வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பத்து.

பஸ் கிளம்பிய பத்தாவது நிமிடம்! நான் பிடுங்கி வைத்த செருகியை மாட்டி, பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து ஏதோ செய்திருக்கிறான். அதனால்தான் ஓடட்டும் சார், ஓடட்டும் சார் என்று கெஞ்சினான். எல்லாம் பொருந்தியது.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமயா? நான் வரவேயில்ல சார். உங்களுக்கு முன்னாடியே சைக்கிள எடுத்துகினு பூட்டேன். இன்னிக்குக் காலீலதான் வந்து ஏசி போட்டு, ரூமு குளுந்தப்புறம் ஒம்போது மணிக்கு மிஷின ஆன் பண்ணேன்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

வாயிற்காவலர் பெருமாளிடம் போனேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நாலு அம்பதுக்கு அவுரு கையெழுத்துப் போட்டு வெளிய போயிட்டாரு சார். அப்பால உங்க பஸ்ஸு போச்சு. அதுக்கப்புறம் இங்க ஈ காக்கா இல்ல." பெருமாளும் சதுரங்கப்பட்டினத்துக்காரர் என்பது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்களா? அந்தப் பதிவேட்டையும் நான் நம்பவில்லை.

மேடம் கும்பகோணம் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். நான் காத்திருக்கவில்லை. அனுமதியில்லாமல் சர்வரில் நுழைந்து மென்பொருளைக் கெடுத்ததாக ஒரு பக்கத்துக்கு எழுதி, அந்த ஒரு வரியை அச்சிட்டு இணைத்து, நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அடுத்த நிமிடமே சகாயத்தின் அடையாள அட்டையையும் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது என்றார். ஒப்பந்த ஆளுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். விசாரணை என்று ஒன்று நடக்காது, ஒப்பந்தம் தானாக முடிந்துபோகும். சகாயம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. குற்றவாளிதான் முகத்தைப் பார்க்க மாட்டான் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை முழுவதும் அந்த மென்பொருளைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். சுற்றிச் சுற்றித்தான் வந்தது. அவன் ஆழமாக எதையோ புதைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை மேடம் என் அறிக்கையைப் படித்தார். "மேக் ஓடினது மொத்தத்தையும் பிரிண்ட் எடுங்க. லாகின் பதிவையும் மொத்தமா எடுங்க" என்றார்.

"சகாயத்தோட வரி அறிக்கையிலேயே இருக்கு மேடம்."

"மொத்தமா எடுங்க."

முதலில் லாகின் பதிவை விரித்தார். அடிக்கோல் இறங்கியது. சிவப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி. ஓரிடத்தில் நின்றது.

"இங்க சகாயம். வெள்ளிக்கிழமை அஞ்சு பத்து. சரி. அதுக்கு அடுத்தாப்ல நுழைஞ்சது யாருன்னு பாருங்க."

பார்த்தேன். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து நாற்பத்தைந்து. பக்கத்தில் என் பெயர்.

"அப்ப நீங்களும் உள்ளதான் இருந்தீங்களா ராமலிங்கம்?"

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நான் திருக்கழுக்குன்றம் தாண்டி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். மேடம் மேக்கின் அச்சை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கினார். இருபதாவது வரிகூட இருக்காது. எச்சரிக்கை: இந்தக் கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது. கொஞ்சம் கீழே இன்னொன்று. எச்சரிக்கை: கடிகாரம் பிறழ்ந்திருக்கிறது, கட்டுமானம் முழுமையாக அமையாமல் போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டு வரியும் தவறாமல் வந்திருந்தன. இரண்டு நாளாக அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் எரர் என்ற சொல் இல்லை, அதனால் என் கண்ணில் படவில்லை.

சர்வரில் தேதி என்ன என்று கேட்டோம். ஞாயிறு என்றது. மூடியைக் கழற்றினோம். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்ட உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் கடைசி மூச்சில் இருந்தது; கடைசி நேரத்தை நினைவில் வைக்க முடிந்ததே தவிர, கடிகாரத்தை ஓட்ட அதற்குத் தெம்பில்லை. இரண்டு வருடம் நிற்காமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. நான் செருகியைப் பிடுங்கிய நொடியில் அதன் கடிகாரமும் நின்றிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை சகாயம் மின்சாரம் கொடுத்ததும், வெள்ளிக்கிழமை நாலே முக்காலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறது. அன்று காலை ஒன்பது இருபத்தைந்துக்கு அலைக் கணக்கைப் பார்க்கச் சகாயம் நுழைந்தது அதற்கு வெள்ளிக்கிழமை ஐந்து பத்து, பத்து மணிக்கு நான் நுழைந்தது ஐந்தே முக்கால். என் மேசையிலிருந்து வந்த கோப்புகளில் செவ்வாய்க்கிழமை தேதி. சர்வர் செய்கிற எதுவும் வெள்ளிக்கிழமைப் பொருள். மூலம் புதியது, பொருள் பழையது, ஆகவே மறுபடி செய். மேக் தன் விதியைத்தான் ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டிருந்தது.

மேடம் அடிக்கோலை இழுப்பறையில் வைத்தார். "அறிக்கையை நீங்கதானே எழுதினீங்க. அவர் வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார்.

பெருமாளின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனேன். அவர் எதுவும் கேட்காமல் கொடுத்தார், அதுவே கஷ்டமாக இருந்தது. கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவில் நுழைந்தபோது ஆளாளுக்குப் பார்த்தார்கள். வாசலில் சகாயத்தின் மனைவி மேரி நின்றார்.

"வூட்லதான் கீறாரு" என்றார். உள்ளே கூப்பிடவில்லை. நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். பேட்டரி, கடிகாரம், தேதி. பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். தேதி தப்பு, உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. இன்னாத்த திருடிட்டாரு, இன்னாத்த திருடிட்டாருன்னு மூணு நாளா தெருவே கேக்குது. நான் ஒவ்வொரு வூடா போயி, பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லிகினு இருக்கவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது பேர் பார்க்கிற தெருவில், முதல் முறையாகச் சகாயத்தை 'வாங்க' என்று கூப்பிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோபப்படவில்லை. நான் சைக்கிளைத் தள்ள, கூடவே ஆய்வுக்கூடம்வரை நடந்து வந்தார்.

நிர்வாக அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். சகாயம் வாங்கி மாட்டிக்கொண்டார். சாவியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாவி வேணாம் சார். என்கிட்ட கெடந்தா ராமலிங்கம் சாருக்கு நிம்மதி இருக்காது. அவுரே வந்து தொறக்கட்டும்."

இரண்டு நாளில் சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பத்து வருடத்துக்கு மேல் தினமும் காலையில் நான்தான் போய்த் திறந்தேன். என் பஸ் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் சகாயம் எனக்கு முன்னால் வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும், அப்படியே நிற்பார். "குட் மார்னிங் சார்" என்பார். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. அவர் வேலை நிரந்தரமானது, மேடம் ஓய்வு பெற்றுப் போனார், அந்த சர்வரும் போய் வேறு வந்தது. அவர் நிற்பது மட்டும் மாறவில்லை. அது தண்டனையா, இல்லை வெறும் பழக்கமா என்று நான் தினமும் அவர் முகத்தில் தேடினேன். அதிலும் என் சந்தேகம் போகவில்லை. மன்னிப்பு ஒரு முறை கேட்டேன். "அது முடிஞ்சுபோச்சு சார்" என்றார். முடிந்திருந்தால் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை, பொறுப்பு அவரிடம் வந்தது. இனிமேல் அவர் சாவியை வாங்கித்தான் ஆக வேண்டும். எனக்குப் போட்ட பூமாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சாவியை நீட்டினேன். சகாயம் கை நீட்டவில்லை. சாவிப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டேன்.

"நேரமும் போடுங்க."

மாலை ஐந்து பத்து இல்லை, நாலு இருபதுதான். எழுதினேன். பதிவேட்டை எடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"எந்தக் கடியாரத்துல பாத்ததுன்னும் எழுதிருங்க சார்."

சுவர்க் கடிகாரப்படி என்று எழுதினேன். சகாயம் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் கையைப் பிடித்துத் திருப்பி அதிலிருந்த கடிகாரத்தையும் பார்த்தார். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு சாவியை வாங்கிக்கொண்டார்.